இலவச இரவுக்குக் காசு கொடுப்பது யார்?

ஹோட்டல் குழுமத்தில் சேர்த்த பாயிண்டைக் காசுக்குப் பதிலாகக் கொடுத்துத் தங்கிவிட்டுக் கிளம்பும் காலையில், வரவேற்பு மேசையில் நீட்டப்படும் ரசீதைப் பார்த்திருப்பீர்கள். அறை வாடகை என்ற வரிக்கு நேராகப் பூஜ்யம் இருக்கும். அதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி எத்தனை முறை ஆனாலும் எனக்குக் குறைவதில்லை. ஆனால் அந்த இரவு ஹோட்டலுக்குப் பூஜ்யமாக முடியவில்லை. படுக்கை விரிப்பைத் துவைத்தார்கள், வெந்நீர் ஓடியது, ஏசி விடிய விடிய இயங்கியது, அறையைச் சுத்தம் செய்தவருக்குச் சம்பளம் போனது. யாரோ அந்த ஹோட்டலுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

அது யார், எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று தெரிந்துகொண்டால், பாயிண்ட் சேர்ப்பவர்களைக் குடையும் கேள்விகளில் பாதிக்கு மேல் தானாகவே அவிழ்ந்துவிடும். நாம் போக நினைக்கும் நாளில் மட்டும் ஏன் அறை கிடைப்பதில்லை? போன வருடம் 30,000 கேட்ட அறை இந்த வருடம் ஏன் 45,000 கேட்கிறது? கூட்டமில்லாத பருவத்தில் மட்டும் கேட்டவுடன் ஏன் கொடுத்துவிடுகிறார்கள்? மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

முதலில் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். கடைக்காரர் கையால் கொடுக்கும் ஸ்டாம்பை ஒட்டிச் சேர்த்துப் பொருள் வாங்கும் வழக்கம் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தது. பயணத் தொழிலில் அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவை விமான நிறுவனங்கள். பறந்த தூரத்துக்கு மைல் தரும் தன் திட்டத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தொடங்கியது. இரண்டே ஆண்டில் ஹோட்டல்கள் பின்தொடர்ந்தன. ஹாலிடே இன் 1983-இல் பிரையாரிட்டி கிளப் என்ற பாயிண்ட் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு மேரியட்டும் தன் திட்டத்தை அறிவித்தது. ஹில்டனும் ஹயாட்டும் 1987-இல் வந்து சேர்ந்தன. இன்று மேரியட், ஹில்டன் இரண்டின் திட்டங்களிலும் தனித்தனியாக 20 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்தக் கட்டுரையின் மையமே அதுதான். விமான நிறுவனத்தின் விமானத்தை ஓட்டுவதும் இருக்கையை விற்பதும் அதே நிறுவனம். ஹோட்டலில் அப்படி இல்லை. வாசலில் பெரிய எழுத்தில் தொங்கும் பெயர் ஒருவருடையது. கட்டடம் பெரும்பாலும் வேறொருவருடையது. பெரிய குழுமங்கள் தங்கள் பெயர் தாங்கிய கட்டடங்களில் மிகச் சிலவற்றை மட்டுமே சொந்தமாக வைத்திருக்கின்றன. மற்றவற்றில் பெயரையும் முன்பதிவு வசதியையும் கொடுத்துக் கட்டணம் வாங்குகின்றன, அல்லது உரிமையாளருக்காக நிர்வாகம் செய்து தருகின்றன. ஆகவே நீங்கள் பாயிண்ட் வைத்திருப்பது ஓர் இடத்தில். உங்களுக்குப் படுக்கை தரவேண்டியது இன்னோர் இடம். பாயிண்டை அச்சடிப்பவருக்கும் அறையைக் கொடுப்பவருக்கும் நடுவே ஒரு பணப்பரிமாற்றம் நடந்தாக வேண்டும்.

அது நடக்கும் விதம் இது. நீங்கள் காசு கொடுத்துத் தங்கும் ஒவ்வொரு முறையும், உங்கள் ரசீதில் ஒரு சிறு சதவீதத்தை அந்த ஹோட்டலின் உரிமையாளர் குழுமத்தின் லாயல்ட்டி நிதிக்கு, அதாவது பாயிண்ட் திட்டத்துக்கான பொதுநிதிக்குச் செலுத்துகிறார். வங்கிகளும் அந்த நிதிக்குப் பணம் கொண்டுவருகின்றன. குழுமத்தின் பெயர் போட்ட கிரெடிட் கார்டை வெளியிடும் வங்கி, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பாயிண்டுகளைக் குழுமத்திடமிருந்து காசு கொடுத்து வாங்குகிறது. இப்படிச் சேரும் பணத்திலிருந்துதான், நீங்கள் பாயிண்டில் தங்கும் இரவுக்கான தொகை அந்த ஹோட்டலுக்குப் போகிறது. அதாவது உங்கள் இலவச இரவுக்கு நீங்களும், உங்களுக்கு முன்பு தங்கிய மற்றவர்களும், உங்கள் கார்டை வணிகர்களிடம் தேய்த்ததில் வங்கி ஈட்டிய கட்டணமும் சேர்ந்து முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறீர்கள்.

இனி முக்கியமான இடம். ஹோட்டலுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்? ஒரே தொகை இல்லை. ஹோட்டல் பாதி காலியாக இருக்கும் இரவில், எப்படியும் விற்காமல் போயிருக்கும் அறை அது. அதனால் சுத்தம் செய்யும் செலவையும் அதற்கு மேல் சற்றும் ஈடுகட்டும் அளவுக்கு ஒரு குறைந்த தொகைதான் கிடைக்கும். ஹோட்டல் ஏறக்குறைய நிரம்பிவிட்ட இரவில் நிலைமை மாறுகிறது. அன்று உங்களுக்குக் கொடுத்த அறை காசு கொடுக்கத் தயாராக நின்ற ஒருவரிடமிருந்து பறித்தது. ஆகவே நிரம்பிய அளவு ஓர் உயர்ந்த எல்லையைத் தாண்டினால், அன்றைய சராசரி வாடகைக்கு நெருக்கமான தொகையைக் குழுமம் கொடுக்கிறது. எல்லை எங்கே, தொகை எவ்வளவு என்பது குழுமத்துக்குக் குழுமம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அடிப்படை மட்டும் இதுவே.

இதை ஒரு ஹோட்டல் மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். காலியான வாரத்தில் பாயிண்ட் விருந்தாளி வந்தால் நல்லது. சும்மா கிடந்த அறையில் ஏதோ கொஞ்சம் வருகிறது, சாப்பாட்டுக்கும் அவர் காசு கொடுப்பார். முழுக்க நிரம்பிய இரவிலும் கெட்டுப்போகவில்லை. வாடகைக்கு நிகரான பணம் வந்துவிடும். சிக்கல் நடுவில். எல்லையைத் தொடாமல், ஆனால் நல்ல விலைக்கு விற்கக்கூடிய இரவுகளில், பாயிண்ட் விருந்தாளிக்காக வரும் தொகை கட்டுப்படியாகாது. நல்ல விலை போகும் அந்த இரவுகளில் பாயிண்ட் அறைகளைச் சுருக்கிக்கொள்ளும் ஆசை மேலாளருக்கு வருவது இயல்பு. வேண்டுமென்றே நமக்கு அறை மறுக்கும் சதியொன்றும் இல்லை. கணக்குப் புத்தகம் அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், அறை கிடைக்காதபோது வரும் கோபம் எனக்குத் தணிந்தது. அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்ற யோசனையும் வந்தது.

குழுமங்கள் இந்த ஆசைக்கு அணை போடப் பார்த்தன. 1999-இல் ஸ்டார்வுட் குழுமம் தன் திட்டத்தைத் தொடங்கியபோது, பிளாக்அவுட் தேதிகளே கிடையாது என்று அறிவித்தது. பண்டிகையோ விடுமுறையோ, அறை இருந்தால் பாயிண்டுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது பொருள். தொழிலையே அது புரட்டிப்போட்டது; மற்றவர்களும் காலப்போக்கில் அந்த வாக்குறுதியை ஏதோ ஒரு வடிவத்தில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது: ஸ்டாண்டர்டு ரூம், அதாவது சாதாரண அறை. விற்பனைக்கு ஸ்டாண்டர்டு அறை இருந்தால் பாயிண்டுக்கும் உண்டு. எது ஸ்டாண்டர்டு அறை என்று தீர்மானிப்பதில் ஹோட்டலுக்கு ஓரளவு சுதந்திரம் இருக்கிறது. இருநூறு அறை கொண்ட இடத்தில் ஐந்தாறு அறைகளை மட்டும் அந்தப் பெயரில் வைத்துக்கொண்டு, மீதியை எல்லாம் 'தோட்டம் பார்த்த அறை', 'உயர்மாடி அறை' என்று பிரித்துவிட்டால், வாக்குறுதி மீறப்படவில்லை, அறையும் கிடைக்காது. குறைந்தது மூன்று இரவு தங்கவேண்டும் என்று சில தேதிகளுக்கு நிபந்தனை வைப்பதும் இதே வகை.

எனக்கே இது நடந்தது. ஒரு கடற்கரை விடுதியில் இரண்டு இரவுக்குப் பாயிண்டில் அறை தேடினேன். இல்லை என்றது இணையதளம். காசுக்குக் கேட்டால் தாராளமாக இருந்தது. பல நாள் தேடிவிட்டு, நான்கு இரவுக்குக் கேட்டுப் பார்த்தேன், உடனே வந்தது. இரண்டு இரவுக்கான அறையே அவர்கள் திறந்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதலில் ஒரே ஒரு இரவு, ஒரே ஒரு ஆள் என்று தேடுவது. பிறகு இரவுகளை ஒவ்வொன்றாகக் கூட்டுவது. பிறகு ஆட்களைக் கூட்டுவது. எந்தப் படியில் அறை மறைகிறதோ அங்கேதான் தடை என்று தெரிந்துவிடும். மூன்று பேருக்குக் கிடைக்காத அறை இரண்டு பேருக்குக் கிடைத்தால், ஹோட்டலுக்கு நேரடியாக எழுதிக் கூடுதல் படுக்கை கேட்கலாம். பல இடங்களில் சம்மதிக்கிறார்கள். முன்பதிவு நாள்காட்டிகள் பெரும்பாலும் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பு திறக்கின்றன. கூட்டமான தேதிக்கு அப்போதே பிடிக்கவேண்டும். தவறினால் பயணத்துக்குச் சில நாள் முன்பு மறுபடி பாருங்கள். பிறர் கேன்சல் செய்த ஸ்டாண்டர்டு அறைகள் அப்போது திரும்பி வருகின்றன.

விலை ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு வருவோம். முன்பு பெரும்பாலான பெரிய குழுமங்கள் விலைப்பட்டியல் வெளியிட்டன. ஹோட்டல்களை வகை பிரித்து, இந்த வகைக்கு இத்தனை பாயிண்ட் என்று எழுதி வைத்திருந்தார்கள். பட்டியல் இருந்த காலத்தில் வாடகை மும்மடங்காகும் திருவிழா இரவிலும் பாயிண்ட் விலை பெரும்பாலும் ஒன்றுதான். பாயிண்ட் சேர்ப்பவர்களுக்கு அது பொற்காலம். ஹில்டன் 2017-இல் பட்டியலைக் கைவிட்டது. மேரியட் 2016-இல் ஸ்டார்வுட்டை ஏறக்குறைய 1,300 கோடி டாலருக்கு வாங்கி, திட்டங்களை 2018-இல் இணைத்து, 2019-இல் பான்வாய் என்று பெயர் சூட்டி, 2022 மார்ச்சில் தானும் பட்டியலை நீக்கியது. ஹாலிடே இன்னை வைத்திருக்கும் ஐஎச்ஜி குழுமமும் அதே வழியில் போனது. இப்போது அவர்களிடம் பாயிண்ட் விலை காசு விலையின் பின்னாலேயே ஏறி இறங்குகிறது. ஹயாட் பட்டியலை விடவில்லை. ஆனால் 2022 மார்ச்சில் ஒவ்வொரு வகைக்கும் கூட்டமில்லாத நாள், சாதாரண நாள், கூட்டமான நாள் என்று மூன்று விலை வைத்தது. அப்போது முதல் வகை ஹோட்டலுக்கு 3,500 முதல் 6,500 வரை. எட்டாம் வகைக்கு 35,000 முதல் 45,000 வரை.

பிரெஞ்சு நிறுவனமான ஆக்கோர் முற்றிலும் வேறு பாதை. அங்கே 2,000 பாயிண்ட் என்றால் 40 யூரோ தள்ளுபடி. எந்த ஹோட்டல், எந்த நாள் என்ற பேச்சே இல்லை. அதில் ஏமாற்றம் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

குழுமங்கள் விலையை மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பேராசை ஒன்றே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. கணக்கியல் விதிகளையும் பார்க்கவேண்டும். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பாயிண்ட் குழுமத்துக்குக் கடன். 2018 முதல் நடைமுறையில் உள்ள வருவாய்க் கணக்கு விதிகளின்படி, பாயிண்டுக்காக வந்த பணத்தை உடனே வருமானமாகக் காட்ட முடியாது. அந்தப் பாயிண்டைக் கொடுத்து நீங்கள் தங்கிமுடிக்கும்வரை அது பொறுப்புக் கணக்கில் நிற்கவேண்டும். மேரியட் ஒன்றின் ஏட்டில் மட்டும் இந்தப் பொறுப்பு 500 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. இதில் ஒரு பகுதி என்றைக்கும் செலவழிக்கப்படாது என்று கணிப்பாளர்கள் மதிப்பிடுகிறார்கள், மறந்துபோனவை, காலாவதியானவை. யாரும் கேட்காமல் போகும் அந்தப் பாயிண்டுகளையும் கணக்கில் சேர்த்தே திட்டங்கள் ஓடுகின்றன. பாயிண்டுகள் ஏராளமாக வெளியே போய், அறைகள் அந்த அளவுக்குக் கூடாதபோது, ஒரு அறைக்குத் தேவைப்படும் பாயிண்ட் உயரத்தான் செய்யும். பணவீக்கம் எந்த நாணயத்துக்கும் இப்படித்தான் வருகிறது. ஆனால் இந்த நாணயத்தை அச்சடிப்பவரும், அதைக் கொண்டு வாங்கக்கூடிய பொருளுக்கு விலை குறிப்பவரும் ஒருவரே. அளக்கும் படியும் அவர் கையில், தானியமும் அவர் கிடங்கில். ஆகவே சேமிப்புக் கணக்கில் பணம் வைப்பது போலப் பாயிண்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு வட்டி இல்லை, தேய்மானம் மட்டும் உண்டு.

சரி, ஒரு குறிப்பிட்ட இரவுக்குப் பாயிண்ட் கொடுப்பதா, காசு கொடுப்பதா? எல்லோரும் சொல்லும் சூத்திரம் எளிது: காசு விலையைப் பாயிண்டால் வகுத்து, ஒரு பாயிண்டுக்கு எத்தனை சென்ட் என்று பார்ப்பது. ஆனால் எந்தக் காசு விலை என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ஹோட்டலில் அறை வாடகை 150 டாலர், வரி 20. பாயிண்டில் 30,000. பாயிண்டில் தங்கினால் பொதுவாக அறை வாடகை மீதான வரி இல்லை. அதனால் ஒப்பிட வேண்டியது 150 இல்லை, 170. 170 டாலரை 30,000-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டுக்குச் சுமார் 0.57 சென்ட். இதோடு நிற்கக்கூடாது. காசு கொடுத்திருந்தால் அந்தத் தங்கலுக்குப் பாயிண்டும் கிடைத்திருக்கும். டாலருக்கு 10 பாயிண்ட் தரும் திட்டமாக இருந்தால் 1,500. ஆகவே இழப்பது 31,500, மதிப்பு 0.54 சென்ட்டுக்கு இறங்குகிறது. அதே ஹோட்டலில் ஒரு பெரிய மாநாட்டு வாரத்தில் வாடகை 380, வரி 50, பாயிண்ட் விலை 45,000 என்று வைப்போம். 430 டாலருக்கு 45,000. காசில் வந்திருக்கக்கூடிய 3,800-ஐச் சேர்த்தால் 48,800. ஒரு பாயிண்டுக்கு ஏறத்தாழ 0.88 சென்ட். காசு விலை இரண்டரை மடங்கு ஏறியபோது பாயிண்ட் விலை ஒன்றரை மடங்குதான் ஏறியது. விலை மாறும் திட்டங்களிலும் இந்த இடைவெளி அடிக்கடி கிடைக்கிறது. ஹில்டனில் ஸ்டாண்டர்டு அறையின் பாயிண்ட் விலைக்கு ஹோட்டலுக்கு ஹோட்டல் ஓர் உச்சவரம்பு இருப்பது இதற்கு ஒரு காரணம். அந்த ஸ்டாண்டர்டு அறைகள் தீர்ந்ததும் அதே ஹோட்டலில் மற்ற அறைகளுக்குக் கேட்கும் பாயிண்ட் மலையளவு போய்விடும். அப்போது விலகிவிடுவதே நல்லது.

கிடைத்த எண் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? அந்தந்தத் திட்டத்தின் பாயிண்டை அந்தந்தக் குழுமமே என்ன விலைக்கு விற்கிறது என்று பாருங்கள். ஹில்டன் ஒரு பாயிண்டை ஒரு சென்ட்டுக்கு விற்கும். வாங்கும் அளவுக்கு மேலும் அதே அளவு தரும் சலுகைக் காலங்களில் அது அரை சென்ட் ஆகிவிடும். அரை சென்ட்டுக்கு வாங்கக் கிடைக்கும் பொருளை 0.3 சென்ட் மதிப்புக்குச் செலவழிப்பது வீண். ஹயாட் பாயிண்ட் இதைவிடப் பல மடங்கு கனமானது. அங்கே டாலருக்கு 5 பாயிண்டுதான் கிடைக்கும், அறைக்கும் குறைவாகவே கேட்பார்கள். ஆகவே '60,000 பாயிண்ட் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்தத் திட்டத்தில் என்று கேட்காமல் அதற்கு மதிப்புச் சொல்ல முடியாது. ஒன்றில் அது ஒரு வாரத் தங்கல்; இன்னொன்றில் ஒரே இரவுக்கும் போதாது.

இந்தக் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. ஒரு இரவுக்கு 900 டாலர் கேட்கும் ஆடம்பர விடுதியில் பாயிண்டில் தங்கிவிட்டு, 900 டாலர் மிச்சம் பிடித்தேன் என்று சொல்வோர் நிறைய. உங்கள் கையிலிருந்து 900 டாலர் எடுத்து ஒரு இரவுக்குக் கொடுத்திருப்பீர்களா? கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றால், உங்களுக்கு அந்த இரவின் மதிப்பு நீங்கள் மனதாரக் கொடுக்கச் சம்மதிக்கும் தொகைதான். அது 250 என்றால் 250-ஐ வைத்து வகுத்துப் பாருங்கள். நான் இதைச் சொல்வது ஆடம்பர விடுதிக்குப் போகாதீர்கள் என்பதற்காக இல்லை. காசு கொடுத்து ஒருநாளும் நுழைய முடியாத இடத்தில் திருமண நாளைக் கழிக்கும் இரவுக்கு சென்ட் கணக்குப் பார்க்கவே தேவையில்லை. அந்த மகிழ்ச்சிக்காகவே பாயிண்ட் செலவழிக்கலாம். மிச்சம் பிடித்த கணக்கு என்று அதைச் சொல்லிக்கொண்டு, அடுத்த பயணத்துக்குக் காசு இல்லாமல் நிற்பதுதான் வருத்தம் தருகிறது. வேலைக்காகப் போய் எப்படியும் தங்கவேண்டிய ரயில் நிலைய வாசல் ஹோட்டலில், காசு விலை திடீரென்று எகிறிய இரவில் செலவழிக்கும் பாயிண்ட் உங்கள் பையில் உண்மையான காசை விட்டுவைக்கிறது. அழகான புகைப்படம் அதில் கிடைக்காது, அவ்வளவுதான்.

கேன்சல் செய்யும் வசதியையும் இந்தத் தராசில் வைக்கவேண்டும். பாயிண்ட் முன்பதிவுகள் பெரும்பாலும் தங்கும் தேதிக்குச் சில நாள் முன்புவரை இழப்பின்றி ரத்து செய்யக்கூடியவை. பாயிண்ட் கணக்குக்குத் திரும்பி வந்துவிடும். ஆகவே திட்டம் உறுதியாகாதவர் ஒப்பிடவேண்டியது ரத்து செய்யக்கூடிய காசு விலையோடு. போவது நிச்சயம் என்றால், திரும்பப் பெற முடியாத மலிவு விலையோடு ஒப்பிடுங்கள்; பாயிண்டின் மதிப்பு அப்போது இன்னும் கீழே வரும். இந்த வசதிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. விலை மாறும் திட்டங்களில், முன்பதிவு செய்த பிறகும் அவ்வப்போது அதே தேதியைத் தேடிப்பாருங்கள். குறைந்திருந்தால் புதிதாகப் பிடித்துவிட்டுப் பழையதைக் கேன்சல் செய்யலாம். புதியது உறுதியான பிறகே பழையதை விடவேண்டும். அவசரத்தில் வரிசை மாறினால் இரண்டும் போய்விடும்.

கட்டணங்களில் குழுமங்கள் ஒன்றுபோல் இல்லை. விடுமுறைத் தலங்களில் வாடகைக்கு மேல் தினமும் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று வாங்குவார்கள். முழுக்கப் பாயிண்டில் தங்குபவர்களிடம் ஹில்டனும் ஹயாட்டும் அதை வாங்குவதில்லை. மேரியட்டில் பாயிண்டில் தங்கினாலும் உண்டு. ஒரு நாளைக்கு 40 டாலர் கட்டணம் உள்ள விடுதியில் ஐந்து நாள் தங்கினால், 'இலவசம்' 200 டாலரில் வந்து நிற்கும். முன்பதிவின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சில ஊர்களில் உள்ளாட்சியின் சுற்றுலா வரி ஆளுக்கு இவ்வளவு என்று தனியாக இருக்கும். அதைத் திட்டங்கள் பொதுவாகத் தள்ளுபடி செய்வதில்லை.

ஐந்தாம் இரவுச் சலுகை பலர் கவனிக்காமல் விடும் நல்ல விஷயம். மேரியட்டில் பாயிண்டில் தொடர்ந்து ஐந்து இரவு தங்கினால் நான்குக்குத்தான் பாயிண்ட். எல்லா உறுப்பினருக்கும் இது உண்டு. ஹில்டனில், அடிக்கடி தங்குவோருக்குக் கிடைக்கும் அந்தஸ்துகளில் சில்வர் முதல் மேலே உள்ளவர்களுக்கு ஐந்தாம் இரவு இலவசம். நேரடியாக இருபது சதவீதத் தள்ளுபடி இது. நான்கு இரவு போகத் திட்டமிட்டிருந்தால், ஐந்தாம் இரவுக்கு ஏறத்தாழ ஒன்றும் இழக்காமல் தங்கலாம். குழுமங்கள் ஏன் தருகின்றன என்றால், நீண்ட தங்கலில் அறை மாற்றும் செலவு குறைகிறது, விருந்தாளி உள்ளேயே சாப்பிடுகிறார், நடுவார நாட்களும் நிரம்புகின்றன.

வங்கிப் பாயிண்டை ஹோட்டல் பாயிண்டாக மாற்றுவது பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. மாற்றியதை வங்கிக்குத் திருப்ப முடியாது. ஆகவே அறை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள். 'எப்போதாவது உதவும்' என்று மாற்றி வைத்தால், பல நிறுவனங்களுக்குப் போகக்கூடிய பாயிண்டை ஒரே கடையின் கூப்பனாகச் சுருக்கிவிட்டீர்கள். ஹோட்டல் பாயிண்டை விமான மைலாக மாற்றும் வசதியும் இருக்கிறது. மேரியட்டில் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். விமானச் சீட்டுக்கு கொஞ்சம் மைல் குறையும்போது மட்டும் அதைத் தொடுவேன். பாயிண்டுக்குப் பொருள் வாங்கும் பட்டியல்களைத் திறக்கவே வேண்டாம். மதிப்பு அங்கே பாதிக்கும் கீழே போய்விடும்.

காலாவதி விதி எளிதானது, ஆனால் கண்டிப்பானது. மேரியட், ஹில்டன், ஹயாட் மூன்றிலும் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் பாயிண்ட் அத்தனையும் போய்விடும். ஐஎச்ஜியில் அந்தஸ்து இல்லாத உறுப்பினருக்கு 12 மாதம்தான், ஆக்கோரிலும் ஓராண்டு. சிறிதளவு பாயிண்ட் சேர்த்தாலோ செலவழித்தாலோ பெரும்பாலும் கடிகாரம் மறுபடி தொடங்கும். இன்னொன்றும் விதிமுறைப் பக்கங்களில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது: பாயிண்ட் உறுப்பினரின் சொத்து இல்லை. விற்க முடியாது, விற்பது தெரிந்தால் கணக்கை மூடிவிடுவார்கள். உறுப்பினர் இறந்துவிட்டால் வாரிசுக்குத் தானாகவும் வராது. சில திட்டங்கள் ஆவணங்களைப் பார்த்து மாற்றித் தருகின்றன, ஆனால் அது அவர்கள் விருப்பம். வீட்டில் வயதானவர்களின் கணக்கில் பெரிய தொகை கிடந்தால், அவர்களோடு சேர்ந்து ஒரு பயணம் போய்வருவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் அக்கறையான வேண்டுகோள்.

திருட்டும் இருக்கிறது. வங்கிக் கணக்கைத் தினம் பார்ப்பவர்கள்கூட ஹோட்டல் கணக்கை வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கிறார்கள். திருடர்களுக்கு இது தெரியும். பாயிண்டை எடுத்து வேறொருவர் பெயரில் அறை பிடித்துக் கொடுத்துக் காசாக்கிவிடுவார்கள். 2018 நவம்பர் 30-ஆம் தேதி, ஸ்டார்வுட் முன்பதிவுத் தரவுத்தளத்துக்குள் வெளியாட்கள் புகுந்திருந்ததாக மேரியட் அறிவித்தபோது, முதலில் சொல்லப்பட்ட அளவு 50 கோடி விருந்தாளிகள் வரை. அந்த அளவுக்குத் தகவல் கசியக்கூடிய தொழிலில், இந்தக் கணக்குக்கென்று தனிக் கடவுச்சொல்லும் இரண்டடுக்குப் பாதுகாப்பும் வைப்பது மிகை இல்லை.

தங்கலுக்குப் பாயிண்ட் சேர்வது பெரும்பாலும் குழுமத்தின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ செய்த முன்பதிவுக்குத்தான். இடைத்தரகுத் தளத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால் பொதுவாகப் பாயிண்டும் வராது, அந்தஸ்துக்கான இரவும் ஏறாது. இந்தத் திட்டங்கள் இவ்வளவு தாராளமாக நடப்பதற்கே அதுதான் காரணம். இடைத்தரகுத் தளங்களுக்குக் கொடுக்கும் கமிஷன், லாயல்ட்டி நிதிக்குக் கட்டும் சதவீதத்தைவிடப் பல மடங்கு அதிகம். உங்களை நேரடியாக வரவைக்கும் செலவாகவே உங்கள் பாயிண்டைக் குழுமங்கள் பார்க்கின்றன. ஹோட்டல் உரிமையாளர்கள் லாயல்ட்டிச் செலவைப் பற்றி முணுமுணுத்தாலும் திட்டத்தை விட்டு வெளியேறாமல் இருப்பதும் இதனால்தான்.

அதனால் பாயிண்டில் தங்கும் விருந்தாளி கூச்சப்படத் தேவையில்லை. ஏசி சரியில்லை என்றால் சொல்லலாம், அறை மாற்றிக் கேட்கலாம், அந்தஸ்து இருந்தால் காலை உணவும் தாமதமாக அறையைக் காலி செய்யும் வசதியும் கேட்கலாம். மேரியட், ஹில்டன், ஹயாட்டில் பாயிண்டில் தங்கிய இரவுகளும் அடுத்த ஆண்டின் அந்தஸ்துக்குச் சேர்கின்றன. சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், விட்டுப்போயிருந்தால் எழுதிக் கேளுங்கள். பூஜ்யம் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு நீங்கள் வாசலைத் தாண்டிய பிறகு, அதே இரவுக்கான இன்னொரு கணக்கு ஹோட்டலின் பின்னறையிலிருந்து குழுமத்தின் லாயல்ட்டி நிதிக்குப் போகிறது. அந்த இரவில் ஹோட்டல் எவ்வளவு நிரம்பியிருந்தது என்ற எண்ணும், அதற்கேற்ற தொகையும் அதில் இருக்கும்.